கடிபட்ட பிறகு போடும் ஊசி: ‘புற்றுநோய்த் தடுப்பூசி’ செய்தியைப் புரிந்துகொள்வது எப்படி?

‘கேன்சருக்கு ஊசி வந்தாச்சாமே, நம்ம ஊருக்கு எப்ப வரும்?’ 2024 டிசம்பரில் ரஷ்ய சுகாதார அமைச்சகம் எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்யச் செல்லுக்குப் போகும் குறிப்பு) வகைப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றி அறிவித்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி ஓயவில்லை. ஊட்டியிலும் குன்னூரிலும் இதற்குக் கிடைக்கும் பதில்கள் இரண்டு: ‘இனிமேல் கேன்சர் பயமே இல்லை’, அல்லது ‘எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை’. இரண்டுமே தவறு. கோளாறு ‘தடுப்பூசி’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சங்கதிகளைப் போட்டுக் குலுக்கிவிட்டார்கள்.

1. நோய் வராமல் தடுக்கும் ஊசி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸுக்கு எதிராகச் சிறுமிகளுக்குப் போடுவது இந்த வகை. இது வைரஸைத்தான் தடுக்கிறது. வைரஸ் வராததால் அதன் வழியே வரும் புற்றுநோயும் வருவதில்லை.
2. நோய் எதிர்ப்பாற்றலின் பிரேக்கை எடுத்துவிடும் மருந்து. டாக்டர்கள் ‘இம்யூனோதெரபி’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.
3. நோய் வந்த பிறகு, அந்த ஒரு நோயாளியின் கட்டியைப் பார்த்து அவருக்காகவே செய்யும் ஊசி. செய்திகளில் பரபரப்பாக அடிபடுவது இது.

முதலாவது பற்றிக் குழப்பம் குறைவு. அது இருக்கிறது, போடுகிறார்கள். இரண்டாவதும் மூன்றாவதும் புரிய வேண்டுமானால் கட்டியின் மரபணுவுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

நோய் வந்த பிறகு தடுப்பூசியா?

குன்னூர்க்காரர்களுக்கு இது புதிய விஷயமாக இருக்கக் கூடாது. சிம்ஸ் பூங்காவை ஒட்டி நிற்கும் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கப்பட்டதே வெறிநாய்க்கடிக்கு மருந்து கொடுக்கத்தான். ரேபிஸ் தடுப்பூசியை நம்மில் பெரும்பாலோர் எப்போது போட்டுக்கொள்கிறோம்? நாய் கடித்த பிறகு. (கால்நடை மருத்துவர்கள் போன்றவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்வது தனிக் கணக்கு.) 1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்குச் செய்ததும் அதுவே. கடிபட்டாயிற்று, கிருமி உள்ளே போயாயிற்று, அதன் பின்தான் ஊசி.

அது எப்படிப் பலிக்கிறது? ரேபிஸ் வைரஸ் காயத்திலிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளையை நோக்கி ஏறுகிறது. வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகும். அது மூளையைத் தொடுவதற்குள் உடம்பை உசுப்பிவிட ஊசிக்கு அவகாசம் கிடைக்கிறது. நடப்பது ஓர் ஓட்டப்பந்தயம்.

தனி நபருக்கான புற்றுநோய் ஊசியும் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. கட்டியை அறுவை செய்து எடுத்தாயிற்று. கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் எங்கோ தங்கியிருக்கலாம். அவை பெருகி இன்னோர் இடத்தில் குடியேறுவதற்குள் உடம்புக்கு அவற்றை அடையாளம் காட்டிவிட வேண்டும்.

ஆனால் உவமை ஓர் இடத்தில் முறிகிறது. ரேபிஸ் வைரஸ் வெளியிலிருந்து வந்த அந்நியன், உடம்பு அதைப் பார்த்தவுடன் சந்தேகப்படும். புற்றுநோய் செல் நம் சொந்த செல். கவாத்து பண்ணாமல் விட்ட தேயிலைச் செடி மரமாக வளர்ந்து நிற்பதைத் தோட்டத்து ஓரங்களில் பார்க்கலாம். அது வேறு செடியல்ல, அதே தேயிலைதான், வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு இல்லை, அவ்வளவே. அப்படியானால் உடம்பு எதைப் பிடித்துக்கொண்டு அதை ‘அந்நியம்’ என்று சொல்லும்?

ஓர் எழுத்துப் பிழை

பிடி கிடைப்பது மரபணுவில். நம் செல்களில் சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட டி.என்.ஏ. இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அதில் ஏற்படும் எழுத்துப் பிழையைச் சடுதிமாற்றம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆய்வகத்தில் ‘மியூட்டேஷன்’ என்பார்கள்.

ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியிலேயே உதாரணம் உண்டு. அரிவாள் செல் ரத்தசோகைக்கான மரபணுப் பிழை தென்னிந்தியாவில் இருக்கிறது என்பதை லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே செய்த ரத்தப் பரிசோதனைகளால்தான் உலகம் அறிந்தது. ஹீமோகுளோபின் ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். அதனால் புரதச் சங்கிலியின் கண்ணியான அமினோ அமிலம் ஒன்று மாறி, வட்டமான சிவப்பணு அரிவாள் போல் வளைகிறது.

அரிவாள் செல் பிழை தாய் தகப்பனிடமிருந்து வருவது. பிறக்கும்போதே எல்லா செல்லிலும் இருக்கும், பிள்ளைகளுக்கும் போகலாம். புற்றுநோயில் பெரும்பாலான பிழைகள் அப்படியல்ல. வாழ்நாளில், ஏதோ ஓர் உறுப்பின் ஏதோ ஒரு செல்லில் சேர்பவை. புகையிலை, புற ஊதாக்கதிர், வயது, செல் பிரியும்போது தற்செயலாக விழும் பிரதிப்பிழை ஆகியவை காரணம். அந்தச் செல்லும் அதன் வாரிசுகளும்தான் அந்தப் பிழைகளைச் சுமக்கின்றன. ‘கேன்சர் ஜீன் நோய்’ என்று கேட்டதும் ‘அப்படியென்றால் பரம்பரையா?’ என்று பதறத் தேவையில்லை. பரம்பரையாக வருவதும் உண்டு, அது சிறு பங்கு.

பிழைகளில் எல்லாம் ஒரே ரகமில்லை. இதுதான் கட்டுரையின் மையம், எனவே சற்று நிதானமாகப் பார்ப்போம். டி.என்.ஏ.வை செல் மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. அதே போல மூன்றெழுத்துச் சொற்களால் ஆன ஒரு வாக்கியம்:

இன்று உதகை கேரட் உண்டு

முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் ‘அன்று உதகை கேரட் உண்டு’. பொருள் மாறிவிட்டது, ஆனால் படிக்கும்போது உறுத்தவில்லை. வேகமாகப் படிப்பவர் கவனிக்காமலே போகலாம். மாறாக, இரண்டாம் எழுத்தான ‘ன்’ விழுந்துவிட்டது என்று வையுங்கள். மூன்று மூன்றாகவே படித்துக்கொண்டு போனால்:

இறுஉ தகைகே ரட்உ ண்டு

விழுந்த இடத்துக்குப் பின் எல்லாமே உளறல். செல்லிலும் இப்படியே. எழுத்து மாறினால் புரதத்தில் ஒரு சிறு நெருடல். எழுத்து விழுந்தாலோ புகுந்தாலோ அதற்குப் பின் வரும் பகுதி முழுவதும் உடம்பு இதுவரை பார்த்தேயிராத சரக்கு. கட்டியில் மட்டும் இருந்து, நல்ல செல்லில் இல்லாத இத்தகைய புதிய துணுக்குகளை ‘நியோஆன்டிஜென்’ என்கிறார்கள். புற்றுநோயை உண்டாக்கியதும் இந்தப் பிழைகளின் கூட்டம்தான், அதைக் காட்டிக்கொடுப்பதும் அதே கூட்டம்தான்.

(எல்லா அடையாளமும் பிழையிலிருந்தே வரும் என்றில்லை. 1991-ல் பெல்ஜியத்தில் தியரி பூன் குழு முதன்முதலாகக் கண்டுபிடித்த மனிதக் கட்டி ஆன்டிஜென் (உடம்பின் காவலுக்குக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்), பிழையே இல்லாத ‘மேஜ்’ என்ற ஜீனிலிருந்து வந்தது. விந்தகம் போன்ற ஓரிரு இடங்கள் தவிர மற்ற உறுப்புகளில் உறங்கிக் கிடக்க வேண்டிய ஜீன் அது, கட்டியில் விழித்துக்கொண்டிருந்தது.)

டி செல் எதைப் பார்க்கிறது?

நீலகிரி மலையடிவாரத்துக் கல்லாறு சோதனைச் சாவடியை மனதில் கொண்டு வாருங்கள். மேலே வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். டிஎன் 43 என்று நீலகிரிப் பதிவெண் இருந்தால் வேண்டாம். உடம்பின் காவலர்களில் முக்கியமானது டி செல். அதற்கும் இப்படி ஒரு பழக்கம் உண்டு. நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் அதற்குப் பயிற்சி நடக்கிறது. சொந்த உடம்பின் புரதங்களைப் பார்த்துப் பாய்கிற டி செல்களில் பெரும்பாலானவற்றை அங்கேயே கழித்துவிடுவார்கள். மிச்சமுள்ளவை உள்ளூர் நம்பரைத் தொந்தரவு செய்வதில்லை.

புற்றுநோய் செல் டிஎன் 43 வண்டி. தடை செய்த சரக்கு உள்ளே இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கே உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு நம் சாவடியைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, 8 முதல் 11 அமினோ அமிலங்கள் நீளமுள்ள துணுக்குகளை வெளிச்சுவரில் காட்சிக்கு வைக்க வேண்டும். துணுக்கைத் தாங்கிப் பிடிக்கும் தட்டுக்கு ஹெச்.எல்.ஏ. என்று பெயர். டி செல் உள்ளே நுழைவதில்லை, தட்டில் இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்கிறது. வழக்கமான துணுக்கு என்றால் சரி, போ. இதுவரை காணாத துணுக்கு என்றால் அந்தச் செல்லைக் கொல்லும். டி செல் தட்டையும் துணுக்கையும் சேர்த்தே பார்க்கிறது என்பதை 1970-களில் கண்டுபிடித்த டோஹர்ட்டி, ஜிங்கர்நாகல் இருவருக்கும் 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெச்.எல்.ஏ. தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். மனித மரபணுக்களிலேயே மிக அதிகமாக வேறுபடுபவை இவைதான். ஒரே பிழை இரண்டு பேரின் கட்டியில் இருந்தாலும், ஒருவரின் தட்டில் அந்தத் துணுக்கு கச்சிதமாக உட்காரும், இன்னொருவரின் தட்டில் நிற்கவே நிற்காது. உட்காராத துணுக்கை டி செல் பார்க்கவே முடியாது. ஊசி ஏன் ஆளுக்கு ஒன்றாகச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

அப்புறம் ஏன் கட்டி வளர்கிறது?

வளர்ந்த கட்டி என்பது, காவலில் மாட்டாமல் மிஞ்சிய செல்களின் கூட்டம். எளிதில் கண்ணில் படுபவற்றை டி செல்கள் கொன்றுவிடும், தப்பியவை பெருகும். ஸ்கேனில் தெரியும் அளவுக்கு வருவதற்குள் பல சுற்றுப் பொறுக்கல் நடந்து முடிந்திருக்கும். தப்பும் வழிகளில் முக்கியமானவை:

1. தட்டையே கழற்றிவிடுவது. ஹெச்.எல்.ஏ. ஜீன்களையோ, தட்டை நிறுத்த உதவும் ஜீனையோ கட்டி செல் இழந்துவிடும்.
2. அடியாள் சேர்ப்பது. உடம்பிலேயே டி செல்களை அடக்கி வைக்கும் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்’ என்றொரு வகை உண்டு. சொந்த உடம்பைத் தாக்காமல் காக்கப் பிறந்தவை அவை. கட்டி அவற்றைத் தன்னைச் சுற்றி வரவழைத்துக்கொள்ளும். 2025-ன் மருத்துவ நோபல் மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் கிடைத்தது இந்த வகை செல்கள் பற்றிய கண்டுபிடிப்புக்காக.
3. பிரேக்கை அழுத்துவது. டி செல்லின் மேல் பி.டி.1 என்றொரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் டி செல் ஓய்ந்துவிடும். வேலை முடிந்த டி செல் சும்மா சுற்றி நல்ல திசுவைச் சிதைக்காமல் இருக்க உடம்பு வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. கட்டி செல் தன் மேல் பி.டி.எல்.1 என்ற புரதத்தை நிறைய வளர்த்து, வருகிற டி செல்லின் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது வழிதான் மருத்துவத்துக்குப் பெரிய கதவைத் திறந்தது. ஜப்பானில் தசுகு ஹோஞ்சோவின் ஆய்வகம் 1992-ல் பி.டி.1-ஐக் கண்டறிந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் அல்லிசன் சி.டி.எல்.ஏ.4 என்ற இன்னொரு பிரேக்கை எடுத்துவிட்டால் எலிகளின் கட்டி கரைவதை 1996-ல் காட்டினார். 2018 நோபல் இருவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் அந்தப் பொத்தானை மூடி வைக்கின்றன.

இவற்றுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘செக்பாயின்ட் இன்ஹிபிட்டர்’ என்ற பெயரை அப்படியே தமிழாக்கினால் ‘சோதனைச் சாவடித் தடுப்பான்’ என்று வரும். படிப்பவருக்குச் சோதனையை நிறுத்துகிற மருந்து என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு. சோதிக்க வந்த ஆளை உட்கார வைத்திருந்த கையைத் தட்டிவிடுகிறது. ‘பிரேக் எடுக்கும் மருந்து’ என்றே சொல்லிவிடலாம்.

பிரேக் எடுத்தால் வண்டி எங்கேயும் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. தைராய்டு, குடல், நுரையீரல், ஈரல் என்று நல்ல உறுப்புகளை டி செல்கள் தாக்குவது இந்த மருந்துகளின் முக்கியப் பக்கவிளைவு. முடி கொட்டவில்லை என்பதற்காக ‘லேசான மருந்து’ என்று நினைக்க வேண்டாம்.

பிழை கூடினால் நல்லதா?

விசித்திரமாகத் தோன்றும், ஆனால் இந்த மருந்துகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஆம். செல்லில் பிரதிப்பிழைகளைத் திருத்தும் புரூஃப் ரீடர் போன்ற ஜீன்கள் உண்டு. எம்.எல்.ஹெச்.1, எம்.எஸ்.ஹெச்.2, எம்.எஸ்.ஹெச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கும் முக்கியமானவை. இவற்றில் ஒன்று கெட்டால் பிழைகள் குவியும், அதுவும் ‘இறுஉ தகைகே’ வகைப் பிழைகள். டி செல்லுக்குக் கொண்டாட்டம், ஆனால் பிரேக் அழுந்தியிருக்கும். அந்தப் பிரேக்கை எடுத்தால்?

2022 ஜூனில் ‘பரிசோதனையில் அத்தனை பேருக்கும் புற்றுநோய் மறைந்தது’ என்று உலகமெங்கும் வந்த செய்தி நினைவிருக்கலாம். நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்ற பி.டி.1 மருந்தை ஆறு மாதம் எடுத்து முடித்த 12 மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கும் கட்டி தெரியாமல் போனது. அறுவையும் கதிர்வீச்சும் தேவைப்படவில்லை. செய்தி உண்மை. தலைப்பில் விடுபட்டது ஒன்று: அந்த 12 பேருக்கும் புரூஃப் ரீடர் ஜீன் கெட்ட வகைப் புற்றுநோய். மலக்குடல் புற்றுநோயில் இந்த வகை 5 முதல் 10 சதவீதம்தான். மீதிப் பேருக்கு அதே மருந்து அப்படி வேலை செய்யாது. 

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் பெம்ப்ரோலிசுமாபுக்கு ஓர் அனுமதி தந்தது. கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் சரி, இந்தப் பிழை திருத்தும் கோளாறு இருந்தால், நிலைமையைப் பார்த்துக் கொடுக்கலாம் என்று. உறுப்பைப் பார்க்காமல் மரபணுவைப் பார்த்துத் தரப்பட்ட முதல் அனுமதி அது.

அந்த ஊசி எப்படித் தயாராகிறது?

1. அறுவையில் எடுத்த கட்டியின் டி.என்.ஏ.வையும், அதே ஆளின் ரத்தத்தில் உள்ள நல்ல டி.என்.ஏ.வையும் படித்து ஒப்பிடுவார்கள். கட்டியில் மட்டும் உள்ள பிழைகளின் பட்டியல் கிடைக்கும்.
2. அந்த ஆளின் ஹெச்.எல்.ஏ. வகையைப் பார்த்து, எந்தத் துணுக்கு தட்டில் உட்காரும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பார்கள்.
3. தேறிய துணுக்குகளுக்கான குறிப்பை ஒரே எம்.ஆர்.என்.ஏ. இழையில் எழுதி ஊசியாக்குவார்கள். மாடர்னா, மெர்க் நிறுவனங்களின் ஊசியில் அதிகபட்சம் 34 துணுக்குகள்.
4. பிரேக் எடுக்கும் மருந்தோடு சேர்த்துப் போடுவார்கள். ஆளைக் காட்டுவது மட்டும் போதாது, காவலரின் கையும் கட்டப்படாமல் இருக்க வேண்டுமே.

மெலனோமா என்ற தோல் புற்றுநோயை அறுவை செய்து எடுத்த 157 பேரிடம் இந்த ஊசியைச் சோதித்தார்கள். ‘நோய் திரும்பும் ஆபத்து 44 சதவீதம் குறைந்தது’ என்று 2022 டிசம்பரில் செய்தி வந்தது. நூற்றுக்கு 44 பேர் பிழைத்தார்கள் என்று சிலர் அதைப் படித்தார்கள். அது அப்படியல்ல, ஒப்பீட்டுக் கணக்கு. பிரேக் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 18 மாத முடிவில் நோய் திரும்பாதவர்கள் சுமார் 62 சதவீதம். ஊசியும் சேர்ந்தவர்களில் சுமார் 79 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அதிசயமல்ல. மெலனோமா புற ஊதாக்கதிரால் பிழைகள் மண்டிய புற்றுநோய் என்பதும் நினைவில் இருக்கட்டும். பிழை குறைவாக உள்ள புற்றுநோய்களில் பிடிப்பதற்கே கொம்பு குறைவு.

பாஸ்டர் நிறுவனம் போன்ற இடத்தில் ரேபிஸ் தடுப்பூசியை மொத்தமாக ஒரே பேட்ச்சாகச் செய்து ஊர் ஊராக அனுப்ப முடிவது, கிருமி எல்லோருக்கும் ஒன்றே என்பதால். இந்த ஊசியில் ஒரு பேட்ச் என்பது ஒரே ஓர் ஆள். குன்னூரில் ஒருவருக்குச் செய்த ஊசி கோத்தகிரியில் இன்னொருவருக்கு உதவாது. எனவே ‘நம்ம ஊருக்கு எப்ப வரும்’ என்ற கேள்வி இதற்குப் பொருந்தாது. ஆரோக்கியமாக இருப்பவருக்குப் போடுவதற்கு இதில் ஒன்றும் கிடையாது. கட்டி இல்லாமல் பட்டியல் இல்லை.

மலையிலிருந்து பார்த்தால்

பிரேக் எடுக்கும் மருந்துகள் இந்தியாவில் கிடைக்கின்றன. முழு அளவில் எடுத்தால் செலவு லட்சங்களில் போகும். அதனால் மும்பை டாடா நினைவு மருத்துவமனை செய்த ஒரு சோதனை நமக்கு அந்த மெலனோமா ஊசியைவிட முக்கியம் என்பேன். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரில் ஒரு சாராருக்கு, மாத்திரை வடிவிலான மலிவு கீமோவோடு நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240. ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள், நிவோலுமாப் இல்லாதவர்களில் 16.3 சதவீதம், இருந்தவர்களில் 43.4 சதவீதம். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்று மிகுந்த நாட்டில் இந்தச் செய்தி பரவலாகத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, இந்தியக் கட்டிகளின் பிழைப் பட்டியல். துணுக்கைக் கணிக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் மேலைநாட்டுத் தரவுகளால் பழக்கப்பட்டவை. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் 480 இந்திய மார்பகப் புற்றுநோயாளிகளின் 960 மாதிரிகளைப் படித்த மரபணுத் தொகுப்பை வெளியிட்டது. தொடக்கம்தான், ஆனால் தேவையான தொடக்கம்.

ஒரு குடும்பத்தில் இப்போது யாருக்காவது நோய் கண்டிருந்தால், டாக்டரிடம் கேட்கத் தக்க கேள்விகள் இரண்டு. இந்த வகைப் புற்றுநோய்க்குப் பிழை திருத்தும் அந்த நான்கு ஜீன்களின் புரதங்களுக்கான பரிசோதனை பயன்படுமா? பி.டி.எல்.1 பரிசோதனை பயன்படுமா? எல்லாப் புற்றுநோய்க்கும் இவை தேவைப்படாது, ‘வேண்டாம்’ என்பதும் சரியான பதிலாக இருக்கலாம். செய்வதென்றால் பெரும்பாலும் புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை. பயாப்சியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், ‘பிளாக்’ என்று பெயர். ஒரு தீப்பெட்டியைவிடச் சின்னது, அறை வெப்பநிலையிலேயே வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஊட்டியில் பயாப்சி செய்துவிட்டு மேல்சிகிச்சைக்குக் கோவைக்கு இறங்குபவர்கள் ரிப்போர்ட் தாளை மட்டும் ஃபைலில் வைத்து எடுத்துப் போகிறார்கள். அங்கே போனதும் முதலில் கேட்பது பிளாக்கையும் ஸ்லைடையும்தான். பயாப்சி செய்த ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து அவற்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், அதற்காக மறுபடி ஒருமுறை மலை ஏறி இறங்க வேண்டியிருக்காது.